மைக் யார் கையில்?

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று அன்றைக்கே சொன்னவன் நான்! சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவனும் அல்ல; ஒலிபெருக்கியோடு வந்து நின்றவன்!

அவைக்குத் தலைமையேற்று அமைதியாய் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெரியோர்களே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பகலில் மட்டும் நிம்மதியாயிருக்கும் தாய்மார்களே! மைக் செட் வாடகைக்கு விடும் இந்த எளியவனின் வணக்கம்.

இன்று பணி நிரந்தரம் பெற்றிருக்கும் ஆறாம் வகுப்பு ஆசிரியை யார்? என் அக்கா மகள்! சென்ற பருவத்தில் அவள் வகுப்பு வகுப்பாகவா இருந்தது? சந்தை! சரியான சந்தை! "இந்தப் பருவத்துக்குள்ள வகுப்பு அடங்கலேன்னா வேலை நிரந்தரமாகாதும்மா" என்று அம்மையார் சொல்லிவிட்டார். தொண்டை கட்டிப்போய் என்னிடம் வந்தாள்.

"மாமா, நான் கத்தினா அவங்களும் கத்துறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல."

ஆயிரம் பேர் ஆர்ப்பரித்த அரங்கையே அடக்கிய அரும்பெரும் பெட்டி ஒன்றையும் மைக்கையும் கொண்டுவந்து வைத்தேன். (யாரய்யா அங்கே சிரிப்பது? போன மாதம் கரகரத்ததா? அது கரண்டின் குற்றம்!) வைத்துவிட்டு, தொலைநோக்கோடு ஒரு வார்த்தை சொன்னேன்: "பாப்பா, இது உனக்கில்ல. பேசுற பிள்ளை கையில குடு!"

மறுநாள் வயரைச் சரிபார்க்கும் சாக்கில் வாசலில் நின்றேன். 'ரேடியோ' என்று பட்டப்பெயர் பெற்ற சிறுமி, பக்கத்துப் பிள்ளையின் காதில் பொரிந்துகொண்டிருந்தாள். என் மருமகள் அதட்டினாளா? இல்லை! அடித்தாளா? இல்லவே இல்லை! மைக்கை நீட்டினாள்.

"நீ சொல்லும்மா. நாங்க கேக்குறோம்."

பொழுதெல்லாம் பொழிந்த வாய் பூட்டிக்கொண்டது! பிறகு மெல்ல வந்தது: "பின்னக் கணக்குல கீழ இருக்கிற எண்ணை ஏன் கூட்டக்கூடாதுன்னு புரியல டீச்சர். அதான் இவகிட்ட கேட்டேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "அவளுக்கே தெரியாது டீச்சர்!"

"உனக்குத் தெரியுமா?" மைக் அவனிடம் போனது.

வாங்கி வாயருகே வைத்தான். "எனக்கும் தெரியாது."

"அப்ப நான் சொல்லிக்கொடுத்தது சரியில்ல. மறுபடி ஆரம்பிப்போம்."

அடடா, அமைதி! கேட்க வேண்டும் என்று வந்த அமைதி! என் பெட்டியின் புண்ணியத்தில் பள்ளி முழுதும் அன்று பின்னம் படித்தது. அம்மையார் எட்டிப் பார்த்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

முன்வரிசையில் மருமகள் என்னையே பார்க்கிறாள். சரி, மைக் கையில் வந்தால் என்ன ஆகும் என்று இப்போதுதானே சொன்னேன்? எனக்கும் அதே கதிதான்; உண்மை வந்துவிடுகிறது. "பிள்ளை கையில குடு" என்று நான் சொல்லவில்லை. "வால்யூமை முழுசா ஏத்து, மிரண்டுபோவாங்க" என்றுதான் சொன்னேன். மற்றது அவளே கண்டுபிடித்தது. அந்த ஒன்று தவிர அத்தனையும் மெய்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம். பாப்பா, வா, இதைப் பிடி. நீ சொல்லும்மா. நாங்க கேக்குறோம்.