வினோத்குமார் பார்க்காத அலாரம்

உங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் மங்கலா தெரியுது சார். மானிட்டருக்கு ஏத்த அளவு வெக்காம வுட்டுட்டாங்க. பேசி முடிச்சதும் நானே சரி பண்ணித் தரேன், சின்ன வேலதான்.

வினோத்குமார வுட்டுடுங்க. அவன் மேல எனக்குப் பாசம் ஒண்ணும் கெடையாது. குடோன் கம்ப்யூட்டர்ல அலாரத்த மறைச்சு வெச்சது அவன்தான்னு நேத்து உங்க ஆளுங்க பேசிக்கினு இருந்தாங்க. கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. அந்த வேலையெல்லாம் அவனுக்கு வராது சார்.

வேதகிரி முதலாளியோட ஐஸ்கிரீம் குடோன், உத்திரமேரூர்லேர்ந்து மாகறல் போற வழியில கீது. உள்ள மைனஸ் பதினெட்டு. கதவோட உள்பக்கக் கைப்பிடி பனி புடிச்சு அடிக்கடி சிக்கிக்கும். பெல்லு வெச்சா மிஷின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. அதனால உள்ள ஒரு பட்டன் வெச்சு, அமுத்துனா ஆபீஸ் ஸ்க்ரீன்ல செவப்பா ஒரு கட்டம் வர்ற மாதிரி நான்தான் பண்ணிக் குடுத்தேன். பட்டன் மாட்டுன அன்னிக்கு செங்கேணிக்கா பக்கத்துல நின்னு பாத்துக்கினு இருந்துச்சு. உள்ள பெட்டி அடுக்குறது அதுதான். "இத்த அமுத்துனா, நான் உள்ள மாட்டிக்கினு கீறேன்னு தெரியுமா தம்பி?"ன்னு கேட்டுச்சு. "நல்லா தெரியும்க்கா"ன்னேன்.

அந்த ஸ்க்ரீனப் பத்தியும் சொல்லணும். கடையில வாங்குனா வர்ற மாதிரி இல்ல அது. ஸ்க்ரீன்ல தொறக்குற எந்த ஜன்னல் எங்க நிக்கணும், எது பளிச்சுன்னு தெரியணும், எது கண்ணாடி மாதிரி பின்னாடி கீறதக் காட்டணும், எல்லாம் நான் ஒக்காந்து எழுதுனது. கண்ணாடி ஆக்குறதுக்குன்னே கம்பாசிட்டர்னு ஒரு புரோகிராம் கீது. அதுல ஒரு வரி எழுதுனா போதும், ஜன்னல் அங்கியேதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. முதலாளி வர்றவங்க போறவங்கள எல்லாம் கூப்ட்டு என் ஸ்க்ரீனக் காட்டுவாரு. ஆயுத பூஜைக்கு அதுக்கும் பொட்டு வெச்சாரு.

அப்பதான் வினோத்குமார் ஆபரேட்டரா வந்தான். வந்ததும் நான் உக்கார்ற சேரோட ஒயரத்தக் கொறச்சான். நான் பாத்துப் பாத்து வெச்ச பின்னணிய எடுத்துட்டு எவனோ ஹீரோ படத்தப் போட்டான். என்னக் கண்டா போன கவுத்து வெச்சுக்குவான். என் செட்டிங்க எல்லாம் போட்டோ புடிக்கிறான்னு தோணுச்சு. முதலாளியும் அவனும் பேசிக்கினு இருப்பாங்க, நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். ஒருநாள் முதலாளியே வாய் தொறந்து சொல்லிட்டாரு. "இனிமே எல்லாத்தையும் வினோத்து பாத்துக்குவான் தினகரா. கூப்ட்டா மட்டும் வா." அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல சார், பேஜாரா போச்சு.

அவனுக்குத் தனி லாகின் போட்டுக் குடுத்ததும் நான்தான். அந்த லாகின்ல மட்டும் செவப்புக் கட்டத்த கண்ணாடி ஆக்கி வுட்டேன். கெட்ட எண்ணம் கெடையாது. பெட்டி தூக்குறப்ப ஆளுங்க தெரியாம பட்டன்ல சாஞ்சுடுவாங்க, சும்மாவே அலாரம் வரும். அவன் பாக்காம உக்காந்துகினு இருப்பான். அத முதலாளிக்குக் காட்டணும், அவ்ளோதான். அதே அலாரம் என் வூட்டு கம்ப்யூட்டருக்கும் வரும். ஆபீஸ் கேமரா புடிக்கிறதும் அதுலயே தெரியும். அது அவங்க யாருக்கும் தெரியாது.

அன்னிக்கு மத்தியானம் நான் வூட்ல சாப்ட்டுக்கினு இருந்தேன். கட்டம் வந்துச்சு. கேமராவுல பாத்தா, வினோத்குமார் ஸ்க்ரீனையே பாத்துக்கினு பல்லு குத்துறான். எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ரெண்டு ஸ்க்ரீனையும் போட்டோ எடுத்து வெச்சேன். இன்னொரு கட்டம் வந்துச்சு. என் வூட்டு ஸ்க்ரீன்ல புதுசா ஒண்ணு வந்தா, இருக்குற எடத்த எல்லாம் பங்கு போட்டுக்கும், அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்குற மாதிரி. திரும்ப ஒண்ணு, திரும்ப ஒண்ணு. கொஞ்ச நேரத்துல சின்னச் சின்ன கட்டமா ஸ்க்ரீன் பூரா செவப்பு.

சாஞ்சு அமுத்துறவங்க அத்தினி தபா அமுத்துவாங்களான்னு கேக்கறீங்க. மாட்டாங்க. அது எனக்கும் தெரியும்.

போன் கையிலதான் இருந்துச்சு. ஆனா நான் கூப்ட்டு சொன்னா அவன் ஓடிப்போயி கதவத் தொறந்துடுவான். அப்புறம் காப்பாத்துனது அவன்தான்னு ஆயிடும். நீங்களே சொல்லுங்க, அது ஞாயமா? இன்னும் ஒரே ஒரு கட்டம் வரட்டும், முதலாளிக்கே போன் போட்டுடலாம்னு உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் வரல. யாரோ தொறந்து வுட்டுட்டாங்கன்னு நெனச்சுக்கினு, எழுந்து போய் கை கழுவுனேன்.

கூட வேல செய்யறவங்க, செங்கேணிக்கா சாப்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிருக்கும்னு இருந்துட்டாங்க. சாயங்காலம் லாரி வந்தப்பறம்தான் கதவத் தொறந்தாங்க. பட்டனுக்கு நேர் கீழ, முந்தானைய ரெண்டு கையிலயும் சுத்திக்கினு உக்காந்திருந்துச்சாம். நான் போய் பாக்கல.

அதோட பொண்ணு இளமதி நேத்திலேர்ந்து உங்க வாசல்ல நிக்குது. "எங்கம்மா அந்த பட்டன அமுத்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க"ன்னு வர்றவங்க போறவங்கள எல்லாம் கேக்குது. அமுத்துச்சுன்னு சொல்லுங்க சார். நான் செங்கேணிக்கா கிட்ட பொய் சொல்லல. அது உள்ள மாட்டிக்கினு கீதுன்னு நல்லாவே தெரிஞ்சுது, எனக்கு.