மிச்சம் வைத்த வலி

என் கை எப்போதும் சூடாக இருக்கும். அதற்காக நான் எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை, பிறவியிலேயே அப்படி. கல்யாணமான புதிதில், மழைக்காலத்தில் வயிறு வலித்தால் என் மனைவி வெந்நீர்ப் பையைத் தேட மாட்டாள், என் கையைத் தேடுவாள். படிப்பும் ஏறாத, வியாபாரமும் வராத ஒருவனுக்குக் கடவுள் ஏதோ பார்த்துக் கொடுத்த சூடு. அதை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைத்தேன்.

நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் போலத் தெரியும். அதனால் என் வேலை எப்படி நடக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில் என் அறை. நடுவில் ஒரு உயரமான கட்டில். குப்புறப் படுப்பவர்கள் மூச்சு விட, தலைமாட்டில் முகம் அளவுக்கு ஒரு ஓட்டை. ஒரு எண்ணெய்க் குப்பி, துவைத்த துண்டுகள், கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி. மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் தீர்ந்துபோவது அந்தப் பெட்டிதான். கீழே சாவிக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நான் பூட்டைத் திறந்தா சிரிச்சிட்டுப் போறாங்க, நீங்க திறந்தா அழுதுட்டுப் போறாங்க. அப்புறமும் உங்ககிட்டதான் கூட்டம்" என்பார்.

வாய் சொல்லாததை உடம்பு எங்காவது ஒளித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் எங்கள் சிகிச்சையின் அடிப்படை. மேலதிகாரிக்குப் பதில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டே இருந்த ஒரு குமாஸ்தாவுக்குத் தாடை திறக்காமல் போனது. நான் தாடையைப் பிசைந்தேன், அவர் மேலதிகாரியைத் திட்டினார், தாடை திறந்தது. எதனால் திறந்தது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தசையில் இறுகிய முடிச்சு அகப்பட்டதும், அதை அழுத்தாமல் சும்மா கை வைத்துக்கொண்டு, "இந்த வலிக்கு யார் முகம்?" என்று கேட்பேன். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒரு பெயர் வரும். பெயரோடு அழுகை வரும். முடிச்சு இளகும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த இடத்தில் இரண்டு விஷயங்களை மண்டையில் ஏற்றினார்கள். ஒன்று, வலியை ஒரேயடியாக எடுக்கக் கூடாது, கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பழகிய பாரம் திடீரென்று இறங்கினால் உடம்பு தடுமாறும். இன்னொன்று, காறை எலும்புக்கு மேலே கழுத்தோரம் ஒரு சின்னக் குழி இருக்கிறதே, அங்கே கட்டை விரலை ஊன்றவே கூடாது. கைக்குப் போகிற நரம்பெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது.

அந்த அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாற்பதைத் தாண்டியவர், ஆளும் உயரம், குரலும் உயரம். பேருந்து நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுபவருக்குக் குரல் அப்படித்தான் இருக்கும். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை என்று கணவர் அழைத்துவந்தார். அவர் வீடு வீடாகப் போய் மின்சார வேலை பார்ப்பவர். கூடவே அவர்களுடைய சின்ன மகள், பள்ளிப் பையோடு. கணவருக்கு என் தொழிலில் நம்பிக்கை இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெஷின் ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இந்த இரண்டு கைதான் என்றேன். "வாரண்டி உண்டா?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. புகார் கொடுத்தது அவர்தான் என்று நீங்கள் சொன்னபோதும் அந்தப் பிடித்தம் குறையவில்லை.

முகம் கேட்டபோது அந்த அம்மா எல்லோரையும் போலச் சிரித்தார். தோளுக்கு ஏது சார் முகம் என்றார். அடுத்தடுத்து வந்தபோது சிரிப்பு குறைந்தது. ஒருநாள் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்தபடியே, "பெரியவன்" என்றார்.

மூத்த மகன். பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு. ஒன்பது வயதுவரை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவன் தலையணை வேண்டாம் என்று அடம்பிடித்து, அம்மாவின் இடது தோளில்தான் தூங்கியிருக்கிறான்.

"டாக்டர் வந்து பார்த்துட்டு, முடிஞ்சிருச்சும்மான்னு சொன்னார் சார். அதுக்கப்புறமும் நான் தோளை அசைக்கல. முழிச்சிருவானோன்னு."

இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். குப்புறப் படுத்து அழுபவர்களின் கண்ணீர் கன்னத்தில் வழியாது, நேரே தரையில் சொட்டும். நான் தோளில் கை வைத்தபடி அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் கை தலைக்கு மேல் போயிற்று. மகள் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு மகள் இருந்தாள். முதல் வேலை கிடைத்து, முதல் ஸ்கூட்டர் வாங்கி, அதில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லாரி. நான் எதற்கெடுத்தாலும் ஜோக் அடிப்பவன். என் கல்யாணத்தில் அடித்தேன், அப்பா படுக்கையில் கிடந்தபோது அவர் காதில் அடித்தேன், அவரும் சிரித்தார். மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தபோது யாரோ சொந்தக்காரர் எப்படி நடந்தது என்று கேட்டார். என் வாய் தானாகச் சொன்னது: "ஹெல்மெட் போட்டா முடி கலையும்னு சொல்லுவா. பாருங்க, கலையவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் துணிகளை எடுத்து அடுக்கினாள். "இந்த வீட்டுல அழுறதுக்கு இடம் இல்ல. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். நான் பெட்டியைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வராமல் போனதற்கு நான் முயற்சி செய்யாதது காரணமில்லை. என் தாடையை நானே பிசைந்திருக்கிறேன். கட்டிலில் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் காத்திருந்திருக்கிறேன். தரை தெரிந்தது, அவ்வளவுதான். ஊரையே அழவைப்பவன் தன் பிள்ளைக்கு ஒரு சொட்டு விட முடியாமல் திரிந்தேன்.

அந்த அம்மா அழுத அன்று என் நெஞ்சில் ஏதோ ஒன்று இடம் மாறியது. அவர் மகனுக்காகத்தான் அழுதார், எனக்குத் தெரியும். ஆனால் தரையில் விழுந்த கண்ணீரில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. அவர் போன பிறகு அதைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் போனபிறகு முதல்முறையாக அன்றைக்குத்தான் ராத்திரிச் சாப்பாடு ருசித்தது.

அதன் பிறகு அவர் வாராவாரம் வந்தார். ஒவ்வொரு வாரமும் தோள் இளகியது. பையன் செய்த சேட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மருந்தைத் துப்பிவிட்டுப் பூனை குடித்துவிட்டது என்று சொன்னது, வீட்டில் பூனையே இல்லாதது. சொல்லும்போது அவர் பாதி அழுவார், பாதி சிரிப்பார். சிரிப்பின் பங்கு கூடிக்கொண்டே போனது. நல்ல வைத்தியனுக்கு அது சந்தோஷமான செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே சொன்னார். "நேத்து அவன் சட்டை ஒண்ணு கைல கெடைச்சுது சார். அழுகை வரும்னு உக்காந்துட்டேன். வரல. அவன் அதைப் போட்டுக்கிட்டு ஆடினதுதான் ஞாபகம் வந்துது. இனி நான் வர வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்."

ரொம்ப நல்லதும்மா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் கட்டை விரல் காறை எலும்புக்கு மேலே போனது, அந்தக் குழியில் ஊன்றியது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நான் என்னிடம் சொல்லிக்கொண்டது, மிச்சம் வைக்கிறேன் என்றுதான்.

இரண்டு நாளில் அவர் திரும்பி வந்தார். தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் பாய்வதுபோல இழுக்கிறது என்றார். நான் முகம் கேட்டேன். அவர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு, அவன்தானா சார் என்று என்னையே கேட்டார். நான் மறுக்கவில்லை.

அப்படித்தான் அது பழக்கமானது. சிகிச்சையின் பெரும்பகுதி நேரம் நான் ஒழுங்காகவே வேலை செய்தேன், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதுகு, கழுத்து, தோள்பட்டை எல்லாவற்றையும் பதமாகப் பிடித்துவிடுவேன். முடிக்கிற நேரத்தில் மட்டும் விரல் அந்தக் குழிக்குப் போகும். வலிக்கிறதா என்று கேட்பேன். வலிக்குது சார், பரவாயில்ல என்பார்.

வலிக்கு ஒரு காரணமும் வேண்டியிருந்தது. போன வாரம் எப்போதாவது வாய்விட்டுச் சிரித்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துவிட்டு, மகளோடு ஏதோ விளையாடியபோது சிரித்ததாகச் சொன்னார். சிரிக்காத வாரம் யார் வாழ்க்கையில் இருக்கிறது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். மீதியை அவரே சேர்த்துக்கொண்டார். மகனை விட்டுவிட்டுத் தான் மட்டும் சிரிப்பதற்குத்தான் இந்தத் தண்டனை என்று முடிவு கட்டிவிட்டார். அப்படி நான் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை.

பிறகு ஒருநாள் மகளும் வந்திருந்தாள். கீழே சாவிக்கடைக்காரர் அடித்த ஏதோ ஜோக்கை மேலே வந்து அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாவின் உதடு விரிந்தது. உடனே அந்தக் குழந்தை தன் கையால் அம்மா வாயைப் பொத்தி, "அம்மா, நீ சிரிக்காதம்மா. தோள் வலிக்கும்" என்றாள்.

என் நெஞ்சு இளகியது. நான் கல்மனம் கொண்டவன் இல்லை. அன்றைக்கு விரலைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஊன்றினேன்.

கை மெலிய ஆரம்பித்தது அதற்குப் பிறகு. டீக் கோப்பை நழுவியது. சட்டைப் பொத்தான் போடக் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு திருப்பத்தில் இடது கை ஸ்டீயரிங்கிலிருந்து வழுக்கிப் பேருந்து ஒரு மதிலை உரசியது. பிள்ளைகள் யாருக்கும் அடியில்லை. பள்ளியில் அவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு, வாசலில் குழந்தைகளை எண்ணி ஏற்றிவிடும் வேலை கொடுத்தார்கள். உயரமான குரல் இறங்கிப்போயிற்று.

நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று கணவர் மாடியேறி வந்து சொன்னார். அந்த முறை அவர் வாரண்டி ஜோக் எதுவும் அடிக்கவில்லை. நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஊசி குத்திப் பார்க்கிற சோதனையெல்லாம் செய்தால் உடம்பு பயந்து இன்னும் இறுகிக்கொள்ளும் என்றேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, "பெரியவன் போறதுக்கு இன்னும் மனசு வரல. அவ்வளவுதாம்மா. நீங்க அவனை விரட்டணுமா?" என்று கேட்டேன்.

வேண்டாம் சார் என்று அவர் அவசரமாகச் சொன்னார். நல்ல கையால் கெட்ட தோளை மூடிக்கொண்டார், குழந்தையை மூடிக்கொள்வதுபோல.

கணவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு மாலை, வேறு எங்கோ போவதாகச் சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி நரம்பு நசுங்கியிருக்கிறது, கை முழுதாகத் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மா அதை நம்பவில்லை என்பதும் நீங்கள் சொன்னதுதான். சார் அப்படிச் செய்ய மாட்டார், இது என் பிள்ளை என்று சொன்னாராமே. அவரை நம்பவைக்க என் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்றுதானே இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். எந்த இடம் என்று தெரியும், அழுத்தினால் என்ன ஆகும் என்றும் தெரியும். விரல் தவறிப் போகவில்லை, ஒரு தடவைகூட. அந்தத் தோளில் அவர் மகன் இல்லை. என் கட்டை விரல்தான் இருந்தது. எந்தப் பக்கத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், அதுவும் எனக்காக இல்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள். இத்தனை நாள் அந்த வலியைத்தான் மகன் என்று தூக்கிவைத்திருக்கிறார், அதையும் பிடுங்கிக்கொண்டால் தாங்க மாட்டார். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், அவரை அழ மட்டும் விட்டுவிடுங்கள். அவர் நிறுத்திவிட்டால் என் மகளுக்கு அழ யார் இருக்கிறார்கள்.