அம்மாவுக்கு முதலில் சொல்ல வேண்டும்

முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மேவிஸ் டீச்சர் அவர்களுக்கு என் முதல் வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் தமிழ் மன்றத் தலைவர் திரு. ஸ்வாமிநாதன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எங்கள் மருத்துவமனையின் டாக்டர்களே, நர்ஸ் பிள்ளைகளே, கோர்படியிலிருந்தும் கசார்வாடியிலிருந்தும் கோந்த்வாவிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் அடுத்த வணக்கம். முறை மாறிவிட்டதே என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். தெரிந்துதான் மாற்றினேன் ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

நான் லீலா. குழந்தைகள் வார்டின் இன்சார்ஜ் நர்ஸ். எனக்கு அதட்டத் தெரியும், மேடைப்பேச்சு தெரியாது. தமிழ் சரியாக வராத பிள்ளைகள் பின்னால் நிற்கிறீர்கள். புரியாததை ஜெனிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவள் ஹிந்தியில் சொல்லுவாள். நடுவில் போனை நோண்டினால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "எண்பது வயசு தாண்டின கிழவிய, பெத்த மகளோட இரங்கல் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிருக்காங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா?" என்றார். ஈரம் இல்லாமல் செய்ததா, இருந்ததால் செய்ததா? நான் பேசி முடித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள். டீச்சரின் மகன் சிரில் கூட இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது. நான் அதைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மேவிஸ் டீச்சரின் மகள் டாக்டர் ஸ்டெல்லா அமல்ராஜ். எங்கள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவர். எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் காப்பாற்ற முடியாமல் போன குழந்தைகளும் உண்டல்லவா? அந்தத் தாய்மார்களைப் பற்றி யார் பேசுவது? மற்ற டாக்டர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்விடும் நேரத்தில்தான் எங்கள் டாக்டரின் வேலையே தொடங்கும்.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு, அந்தத் தாயின் கண்ணுக்குக் கீழே தன் கண் இருக்கும்படி உட்காருவார். போனை என் கையில் கொடுத்துவிடுவார். குழந்தையின் பெயரைச் சொல்லுவார். பிறகு "இறந்துவிட்டான்" என்று சொல்லுவார். போயிட்டான், கடவுள்கிட்ட இருக்கான், நம்ம கையில இல்ல, இந்தச் சுற்றுவழி எதுவும் கிடையாது. சொன்ன பிறகு வாயைத் திறக்க மாட்டார். அடித்தாலும் திட்டினாலும் எழுந்து போக மாட்டார். "உனக்கென்ன வயசா ஆயிடுச்சு, இன்னொண்ணு பொறக்கும்" என்று எந்த ஜூனியராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவன் பாடு திண்டாட்டம்.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கே போவார். கோந்த்வாவில் சோபா ரிப்பேர் கடை வைத்திருக்கும் காசிம் பாய் இங்கே வந்திருக்கிறார். அவர் மகள் சஹானா இறந்த பிறகு அந்தத் தெருவில் ஒருவரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. பாவம், மனசு கஷ்டப்படுவார் என்று எல்லோரும் கிரிக்கெட் பேசினார்கள். டாக்டர் போனார். பஞ்சும் ஆணியும் கிடந்த தரையில் உட்கார்ந்து, "சஹானாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?" என்று கேட்டார். காசிம் பாய் அன்று கடையை மூடிவிட்டு மகளைப் பற்றிப் பேசித் தீர்த்தாராம். வடாபாவ் வாங்கினால் வடையை மட்டும் தின்றுவிட்டு, பாவ் ரொட்டியை அப்பாவுக்குத் தருவாளாம் அந்தப் பெண்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கும் இல்லை. இது ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யைச் சொன்னவர் எங்கள் டாக்டர் ஸ்டெல்லாதான். இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்தப் பொய்யால் ஏமாந்த தாய் தீபாவிடம் போய்க் கேட்டேன். "சொல்லுங்கக்கா, நானும் வரேன்" என்றார். வந்திருக்கிறார். நான் தப்பாகச் சொன்னால் அவர் எழுந்து திருத்தட்டும்.

தீபாவின் முதல் பிள்ளை தருண். தவழ ஆரம்பித்திருந்த குழந்தை. நிமோனியா. அப்போது டாக்டர் ஸ்டெல்லா படிப்பு முடித்து வந்த புதிது, நான் இன்னும் இந்த மருத்துவமனையில் சேர்ந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் தருண் இறந்துவிட்டான். தீபா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். தீபாவின் கணவருடைய அண்ணன் டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "இப்பச் சொன்னா அவ இங்கியே உழுந்துடுவா டாக்டரம்மா. இங்க எங்களுக்கு யாரு இருக்காங்க? ஊட்டுக்குக் கூட்டினு போயி, பொம்பளைங்கள வெச்சி நாங்க சொல்லிக்கிறோம்" என்றார்.

கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. நம் குடும்பங்களில் இதை அன்பு என்றுதான் நினைக்கிறோம். ஆம்பளைகளிடம் டாக்டர்கள் வராந்தாவில் ஹிந்தியில் சொல்லிவிடுவார்கள், பெற்றவளுக்குக் கடைசியில்தான் தெரியும். டாக்டரும் தலையாட்டினார். ஊசி, ட்யூப் எல்லாம் எடுத்துவிட்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றி, தூங்குகிறான், வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று தீபாவின் கையில் கொடுத்தார்கள்.

தீபா ஆட்டோவில் ஏறினார். பக்கத்தில் கணவர். அவருக்குத் தெரியும். முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு அண்ணன். அவருக்கும் தெரியும். மடியில் பிள்ளையை வைத்திருந்தவருக்குத் தெரியாது. உடம்பு சில்லென்று இருந்தது. ஏசி ரூமில் வைத்திருந்தார்கள், அதனால்தான் என்று நினைத்தார். தாபோடி பாலத்தில் காற்று அடித்ததும் கம்பளியை இழுத்து முகத்தையும் சேர்த்துப் போர்த்தினார். பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொன்னார். வழியெல்லாம் பிள்ளையோடு பேசினார். வீட்டுக்குப் போனதும் தொட்டில் கட்டுகிறேன், பாட்டுப் பாடுகிறேன் என்றார், ஆட்டோவிலேயே பாடவும் செய்தார். கசார்வாடியில் சந்து முழுக்க ஆட்கள் நின்றார்கள். ஓரகத்தி ஓடி வந்து கம்பளியை விலக்கிப் பார்த்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது நீங்கள் தீபாவாக இருந்து யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் உயிரோடு கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது உயிர் இல்லை. நடுவில் என்ன நடந்தது? யார் அந்த முகத்தை மூடியது?

யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். பொய் வெளியே வந்துவிடுமே என்று பயந்து கணவரும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. "உம் மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள். ஏன் தப்பில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. தான் கொன்றது எல்லோருக்கும் தெரியும், தன்னை ஆறுதல்படுத்துகிறார்கள் என்றுதான் தீபா புரிந்துகொண்டார். அந்த நினைப்போடு சமைத்தார், துவைத்தார், இன்னொரு பிள்ளையும் பெற்றார்.

அந்தப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தபோது நான் பணியில் இருந்தேன். குழந்தை குளிரில் நடுங்கியது. போர்வையைக் கொடுத்தேன். தீபா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் என் வழக்கப்படி சத்தம் போட்டேன். "என்னம்மா நிக்கிற, புள்ளயப் போத்து" என்றேன்.

"நான் போத்த மாட்டேன் சிஸ்டர். நான் போத்துனா செத்துடும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்தார், தீபா சொன்னதைச் சொன்னேன், அந்த முகத்தைப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "லீலா, நீங்க குழந்தையப் பாருங்க" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. தரையில் உட்கார்ந்தார். தீபாவையும் உட்காரச் சொன்னார்.

"தீபா, தருண் உன் மடியில சாகல. இங்கயே, எங்க கண்ணு முன்னாடி இறந்துட்டான். உனக்குத் தெரியாம மறைச்சு உன் கையில கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். நீ போத்துனதால ஒண்ணும் ஆகல."

அவர் சொல்லாமல் இருந்திருக்கலாமே? கேஸ் போடுவார்கள், வேலை போகும், பெயர் கெடும். மேனேஜ்மென்ட் என்ன சொல்லும்? இது எதையும் அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

தீபா அழவில்லை.  ஒரு பாரம் இறங்கும், கையெடுத்துக் கும்பிடுவார் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். தீபா ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நான் ஆட்டோவுல பேசுனது, பாடுனது, அவனுக்கு எதுவுமே கேக்கலையா?"

அதுவரைக்கும் அவருக்கு அந்த ஒன்றாவது மிச்சம் இருந்தது. என் குரலைக் கேட்டுக்கொண்டே போனான் என்ற அந்த ஒன்று. அதையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் இங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் மனதுக்குள் கெஞ்சினேன், சொல்லிவிடுங்கள் டாக்டர் என்று.

"கேக்கல தீபா," என்றார்.

தீபா அவருடைய கோட்டைப் பிடித்து உலுக்கினார். நான் விலக்கப் போனேன், டாக்டர் வேண்டாம் என்று கை காட்டினார். மன்னித்தாரா? அதை நான் தீபாவிடம் கேட்டதில்லை, இன்றைக்கும் கேட்கப் போவதில்லை. போகும்போது மகளுக்குத் தானே போர்த்திவிட்டார். அவ்வளவுதான் நான் பார்த்தேன்.

அன்றைக்கு வந்ததுதான் எங்கள் வார்டின் சட்டம். அம்மாவுக்கு முதலில். நம் வாயால், அவள் மொழியில். அப்பா கும்பிட்டாலும், மாமியார் மிரட்டினாலும், மாநகராட்சி கார்ப்பரேட்டர் போன் செய்தாலும் அம்மாவுக்கு முதலில். தாபோடி பாலத்தின் வழியாக டாக்டர் அதற்குப் பிறகு வண்டி ஓட்டியதே இல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு பிம்ப்ரி மீட்டிங்குக்குத் தாமதமாக வருவார். வழி தெரியாத டாக்டர் என்று நாங்கள் கேலி செய்வோம், அவரும் சிரிப்பார். ஒரு தடவை மட்டும், "அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது லீலா, ஆனா கேக்குது" என்றார்.  

போன வியாழக்கிழமை ரவுண்ட்ஸ் முடிந்து டூட்டி ரூமில் உட்காரப் போனவர் எழுந்திருக்கவில்லை. ஜெனிபர் டீ கொண்டு போனபோது பார்த்தாள். எங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தோம். ஒரு இதயத்தைத் திரும்பத் துடிக்க வைக்க என்னென்ன உண்டோ, அத்தனையையும் செய்தோம். நடக்கவில்லை.

சிரில் வந்தார். அழுது முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "லீலாக்கா, அம்மாவுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டாங்க. ஸ்டெல்லா கான்ஃபரன்ஸுக்கு பெங்களூர் போயிருக்கான்னு சொல்லிக்கலாம், அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்" என்றார். நல்ல பிள்ளை. அம்மா மேல் உயிரையே வைத்திருக்கிற பிள்ளை. அவர் கேட்டதில் என்ன குற்றம்? ஆனால் அன்றைக்குச் செத்தது யார்? எங்களுக்கு டாக்டர், உங்களுக்கு மேடம். மேவிஸ் டீச்சருக்கு? குழந்தை. அவர் பெற்ற குழந்தை செத்திருக்கிறது. சட்டத்தை எழுதியவருக்கே அந்தச் சட்டம் இல்லையா?

வீட்டுக்குப் போனேன். டீச்சர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்தேன். சிரில் என் பின்னால் நின்றார். எத்தனையோ தாய்மாரிடம் டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. "டீச்சர், ஸ்டெல்லா இறந்துட்டாங்க" என்றேன்.

டீச்சர் கையிலிருந்த பட்டாணியை உரித்து முடித்தார். "எங்க?" என்றார். டூட்டி ரூமில் என்றேன்.

"பக்கத்துல யாரு இருந்தா?"

சிரில் என் தோளை அழுத்தினார். நான் இருந்தேன் என்று சொன்னால் என்ன? கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அம்மா என்று கூப்பிட்டாள் என்று சொன்னால்தான் என்ன? யாருக்குத் தெரியப் போகிறது? வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"யாரும் இல்ல டீச்சர். நாங்க போய்ப் பாக்கும்போது முடிஞ்சிருச்சு."

இதைச் சொன்னதற்காக எத்தனை பேர் என்னைத் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியும். சொன்னது சரியா என்று நானே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீச்சரின் அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நாங்கள் இப்போது ஒரு வாக்குக் கொடுக்கிறோம். எங்கள் வார்டில் இனி எந்தப் பிள்ளை இறந்தாலும் அதைப் பெற்றவள் முதலில் கேட்பாள். எங்களில் ஒருவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொல்லுவோம். அவள் கேட்கும் கேள்விக்கு, எவ்வளவு கசந்தாலும், உள்ளதைச் சொல்லுவோம். பின்னால் நிற்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பயமாக இருக்கும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே சொல்லுங்கள்.

ஏன் சொல்ல வேண்டும் என்று யாராவது உங்களைக் கேட்டால், டீச்சர் அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லுங்கள். அவர் மடியிலிருந்த பட்டாணித் தோலை உதறிவிட்டு எழுந்தார். செருப்பைத் தேடினார். "சிரில், ஆட்டோ கூப்பிடு" என்றார். எங்கே என்று சிரில் கேட்டார்.

"அங்கதான். இன்னும் தனியாத்தானே இருக்கா."