அக்கா பூனைக்கு அனுப்பிய குரல்

பூனை என்றால் மீனுக்கு அலையும் என்பார்கள். என் அக்காவின் பூனைக்கு மீன் வாசனையே ஆகாது. உலர்ந்த தீனிதான் சாப்பிடும், அதுவும் கிண்ணம் சுவரை ஒட்டி இருந்தால்தான். தொண்டை டாக்டரிடம் பூனைக் கதை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அக்காவுக்கு மயக்க மருந்து கொடுத்து இன்னொரு முறை தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று நேற்று சொன்னீர்கள். அது வேண்டியதில்லை, டாக்டர். அங்கே ஒன்றும் இருக்காது. அக்கா விடுமுறைக்குப் போயிருந்தபோது வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது முழுக்கச் சரியான பதில் இல்லை.

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். பார்த்ததை அன்றன்றே எழுதிவிடுவேன். என் நினைவை நான் நம்புவதில்லை. நான் போகும் எழுத்துப் பயிற்சி மாலை வகுப்பிலும் தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். ஆகவே நான் சொல்லும் நாட்கள் எல்லாம் நோட்டில் உள்ளவை. காரணங்கள் மட்டும் நோட்டில் இல்லை. அவற்றில் நான் தவறியிருக்கலாம்.

அக்கா மழலையர் பள்ளியில் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் அத்தான் அவளை விட்டுப் போனார். "நீ வாயைத் தெறந்தாலே எனக்குத் தலவலி" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. "மாத்திரை கம்பெனிக்குத்தான் நஷ்டம்டி" என்று அக்கா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். பிறகு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் கீழ் வீட்டில், நான் மாடியில். அந்த ஒரு வருஷம் தினமும் சாயங்காலம் என்னிடம் வந்துவிடுவாள். நான் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

அப்புறம் பூனை வந்தது. மழைநீர்க் குழாய்க்குள் சிக்கிக் கிடந்த குட்டி. யாரைக் கண்டாலும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். அக்கா மூன்று மாதம் தரையில் படுத்து, பேசிப் பேசியே அதை வெளியே வரவைத்தாள். "குட்டிம்மா, வாடி தங்கம்" என்றால் போதும், வந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அவள் குரலுக்கு மட்டும்தான் அப்படி. அதன் பிறகு அக்கா மாடிக்கு வருவது நின்றுவிட்டது. "குட்டிம்மா காத்துட்டிருக்கும்டி" என்பாள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அக்காவோடு வேலை செய்பவர்கள் அவளைக் கடற்கரை ஊருக்குப் பத்து நாள் கூப்பிட்டார்கள். அக்கா மறுத்தாள். பூனைக் காப்பகத்தில் விட்டால் பயத்திலேயே பட்டினி கிடக்கும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை வற்புறுத்தி அனுப்பியது நான்தான்.

இரண்டு தாளில் குறிப்பு எழுதிக் கொடுத்தாள். பிறகு, "தினம் ஆறு மணிக்கு நான் பேசி அனுப்புறேன். ஃபோனைத் தரையில வெச்சுப் போட்டு விடு. என் குரல் கேட்டாத்தான் சாப்பிடும்" என்றாள்.

"பூனைக்கு ஃபோனா? அப்படியே ஒரு சிம் கார்டும் வாங்கிக் குடுத்துடு."

"குடுப்பேன். உன்னைவிட அது நல்லாப் பேசும்."

முதல் நாள் குறிப்பில் இருந்தபடியே செய்தேன். இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பூனையின் வால்கூடத் தெரியவில்லை. அக்காவின் குரலை ஒலிக்கவிட்டதும் நேராக வந்து ஃபோனில் கன்னத்தைத் தேய்த்தது. நான் ஒருத்தி அங்கே இருப்பதையே அது கவனிக்கவில்லை.

இரண்டாம் நாள், குரல் கேட்டு அது வெளியே வந்த நேரத்தில் என் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு நழுவித் தரையில் விழுந்தது. பூனை கட்டிலடிக்குப் பாய்ந்துவிட்டது. அது உண்மையிலேயே கை தவறியது.

மூன்றாம் நாள் கை தவறவில்லை.

எங்கள் கூடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும் என்பது. ஆகவே இடம், நேரம், தீனி எதையும் நான் மாற்றவில்லை. "குட்டிம்மா" என்ற சொல் முடிந்ததும் தட்டைப் போடுவேன். ஒவ்வொரு நாளும் ஐந்து முறை. பிறகு ஃபோனை அணைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தீனியை வைப்பேன். பூனையை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. பட்டினி போட்டதும் இல்லை. காலியான கிண்ணத்தைப் படம் எடுத்துத் தினமும் அக்காவுக்கு அனுப்பினேன். அந்தப் படங்கள் எல்லாம் உண்மை.

ஆறாம் நாள் அக்கா அனுப்பியதில் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "குட்டிம்மா, இன்னிக்கு நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன்டி. எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா?" என்று சொல்லியிருந்தாள். அதில் "குட்டிம்மா" ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் குரல் தொடங்கியதுமே பூனை இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. ஒன்பதாம் நாள் தட்டே தேவைப்படவில்லை. பத்தாம் நாள் நான் சும்மா உட்கார்ந்திருந்தபோது அது வந்து என் காலருகில் படுத்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா ஊரிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் "குட்டிம்மா" என்றாள். பூனை அலமாரியின் பின்னால் போய் நடுங்கியது. அவள் மண்டியிட்டு, குரலைத் தணித்து, கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட அது சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"என்னடி ஆச்சு இதுக்கு?"

"பத்து நாள் விட்டுட்டுப் போயிட்டல்ல. கோவமா இருக்கும்" என்றேன்.

நான்கு நாள் கழித்து மாடிக்கு ஓடி வந்தாள். "பேசாம இருந்தா வருதுடி! மடியிலகூட உக்காந்துச்சு!" அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அன்றிலிருந்து வீட்டுக்குள் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஃபோன் வந்தால் தெருவுக்குப் போய்ப் பேசுவாள். பிறகு ஃபோனையே எடுக்கவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு குழந்தை அழுதிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த குழந்தை, யார் கூப்பிட்டாலும் அழுதிருக்கும். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாளாம். அன்று சாயங்காலம் என் கட்டிலில் உட்கார்ந்து, மெதுவாக, "அவர் சொன்னது சரிதான் போலடி" என்றாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இன்றோடு முப்பத்து நான்கு நாள்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். ஒரு மனுஷி தன் மொத்தப் பாசத்தையும் ஒரு பூனையிடம் கொட்டிவிட்டு நிற்கக் கூடாது என்று நினைத்தேன். அது கொஞ்சம் விலகினால் அக்கா மனிதர்கள் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை என்று அடித்துவிட்டேன்.

பழக்கியதை மாற்றிப் பழக்கலாம். அந்தப் பதிவுகள் இன்னும் என் ஃபோனில் இருக்கின்றன. குரலோடு தீனியைச் சேர்த்து வைத்தால் இரண்டு மாதத்தில் பூனை பழையபடி ஆகிவிடும் என்றுதான் கணக்கிடுகிறேன். ஆனால் பலிக்காமல் போனால் அக்கா தாங்கமாட்டாள். அந்தப் பயத்தில்தான் தொடங்கவில்லை.

அவளை நான் நன்றாகவே பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதியது நான். கடையில், பேருந்தில், உங்கள் மருத்துவமனையில், எல்லா இடத்திலும் அவளுக்காக நான்தான் பேசுகிறேன். இப்போது தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்துவிடுகிறாள்.

அடுத்த வாரம் அவளைத் தனியாக உள்ளே அழைத்து, ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். அது வேண்டாம், டாக்டர். அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். என்னையே கேளுங்கள்.