துரையின் பசி

வலையக் கீழ வைங்க தம்பி, நான் எறா வாங்க வரல. ஆமா, எங்க வீட்டுக்காரரு கொண்டு வர்ற வாளிதான் இது, ஏதோ ஞாபகத்துல தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன். சாயங்காலம் அவரு வருவாரு. வந்து கேட்டா, மீனுக்குப் போடுற உயிர் எறா இல்லன்னு சொல்லணும். ஒண்ணு கூட இல்ல, அடுத்த வாரமும் வராதுன்னு அடிச்சுச் சொல்லணும்.

சிரிக்காதீங்க. உங்க வியாபாரத்தக் கெடுக்க வரல. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் முடியுமா முடியாதான்னு சொல்லுங்க. ஸ்டூலெல்லாம் வேணாம், இந்த மணல் மூட்ட மேலயே உக்காந்துக்கிறேன்.

உங்ககிட்ட வாங்கினதுதானே அந்த சிங்கமீன். உடம்பு பூரா வரியும், செறகு செறகா அந்த ரெக்கையும், அது தொட்டிக்குள்ள உலாத்துற தோரணையும் பாத்துட்டு நான்தான் துரைன்னு பேரு வச்சேன். முள்ளுல விஷம் இருக்கு, கைய விட்டுராதீங்கன்னு சொல்லி அனுப்பினீங்களாம், சரி. உசுரோட ஓடுறதத்தான் திம்பாருங்கிறத ஏன் சொல்லல? சொன்னீங்களா? அப்ப எங்க வீட்டுக்காரருதான் என்கிட்ட சொல்லாம முழுங்கிட்டாரு. அதானே பாத்தேன்.

அவரு லிஃப்ட் மெக்கானிக்கு, உங்களுக்குத் தெரியுமே. நாள் பூரா அடுத்தவங்க கட்டடத்துல தொங்கிட்டு, கையெல்லாம் கிரீஸோட வீட்டுக்கு வருவாரு. நான் வாசக்கதவத் தொறந்தா என்னத் தாண்டி நேரா தொட்டிகிட்டப் போயிருவாரு. தொட்டி ஒண்ணுன்னு நெனச்சுராதீங்க. துரைக்கு உப்புத்தண்ணியில பெரிய தொட்டி. துரை திங்கப்போற எறாவுக்கு எல்லாம் பக்கத்துல தனித் தொட்டி. எறா என்ன தின்னுச்சோ அதோட சத்துதான் மீனுக்குப் போய்ச் சேருமாமே, அதனால அதுக்குப் பாசித்தூளு, கேரட்டு, சாகுறதுக்கு முன்னாடி ராஜ உபசாரம். அவரே உக்காந்து பொடிசாத் துருவுவாரு. எனக்கு இந்த மனுசன் ஒரு வெங்காயம் உரிச்சுக் குடுத்ததில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அவருக்கு நெஞ்சுல ரத்தக்குழா அடைச்சிருக்கு தம்பி. ஆமா, ஆபரேஷன்தான். நல்லாயிடும், ஆனா தள்ளிப் போடாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. தேதியும் குடுத்துட்டாங்க. நம்மாளு என்ன கேட்டாரு தெரியுமா? நான் அங்க படுத்துட்டா துரைக்கு யாரு எறா போடுவாங்கன்னு கேட்டாரு. டாக்டரம்மா அவங்க சர்வீஸ்ல இப்படி ஒரு கேள்வியக் கேட்டிருக்க மாட்டாங்க, பேனாவ மூடி வச்சுட்டு என்னையப் பாத்தாங்க.

நான் போட மாட்டேனான்னா, நியாயந்தான். எனக்கு அந்தப் பாவத்த செய்ய மனசு வராது. ஒரு தடவ வயித்துல முட்டையோட இருந்த எறாவ எடுத்து, அவருக்குத் தெரியாம பீங்கான் ஜாடியில போட்டு ஒளிச்சு வச்சேன். மாட்டிக்கிட்டேன். அதச் சொல்லிச் சொல்லியே என் வாய அடைச்சிருவாரு.

அப்பத்தான் ஒருநாள் நான் இங்க வந்தப்ப, கல்லாவுல இருந்த உங்க அக்கா எனக்கு வழி சொன்னாங்க. செத்த எறாவக் குச்சியில சொருகி ஆட்டிக் காட்டுங்க, பழகிக்கும்னாங்க. சொன்னாங்களா இல்லையான்னு கேட்டுப் பாருங்க. நானும் திரைச்சீல மாட்டுற மெல்லிசுக் குச்சி ஒண்ண எடுத்து, முனையக் கீறி, ஐஸ்ல வச்ச எறாவக் கழுவிச் சொருகி, அவரு வேலைக்குப் போனதும் தொட்டி மேல நின்னேன். அவரு ஒருநாள் விட்டு ஒருநாள்தானே போடுவாரு? போடுற நாளு காலையிலதான் துரை நல்ல பசியில இருப்பாரு. அந்த நேரமாப் பாத்துதான் போனேன்.

மொதல்ல துணி அலசுற மாதிரி ஆட்டினேன். துரை பயந்து பாறைக்குப் பின்னால போயிட்டாரு. மெதுவா ஆட்டினேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அப்புறம் தையல் வேலையப் போட்டுட்டு எறாத் தொட்டி முன்னாடியே உக்காந்து பாத்தேன். எறா சும்மா சும்மா ஆடுறதில்ல தம்பி. அப்படியே நிக்கும், மீசைய மட்டும் அசைக்கும். திடீர்னு பின்பக்கமா ஒரு தாவு. மறுபடி நிக்கும். உங்களுக்குத் தெரியாததா, எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதே மாதிரி குச்சியப் புடிச்சேன். நின்னு, நின்னு, பின்னால ஒரு இழுப்பு. துரை ரெக்கைய விரிச்சுக்கிட்டு வந்தாரு பாருங்க. லபக். உடனே துப்பிட்டாரு. விட்டேனா? மறுபடி நீட்டினேன். திருப்பித் துப்பினாரு. அடுத்த வாட்டி உள்ள போச்சு, போனதுதான், வரல. அடுப்படிக்குப் போய்க் கதவ சாத்திக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடினேன். இந்த வயசுல.

ஆடினதுக்கு அன்னைக்கு சாயங்காலமே கெடச்சுது. அவரு வந்து எறாவ விடுறாரு, துரை திரும்பிக்கூடப் பாக்கல. காலையில மூக்கு முட்டத் தின்ன ஆளு எப்படித் திம்பாரு? ஒரு எறா துரை மூக்கு மேலயே நடந்து போச்சு. அய்யய்யோ துரைக்கு ஒடம்பு சரியில்லன்னு இவரு ஒரே கூப்பாடு. இந்த நெலமையில இத விட்டுட்டு எப்படி வர்றதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தேதியத் தள்ளி வச்சுட்டாரு. என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன். நீங்களும் பாவம், பசியெடுக்கச் சொட்டு மருந்து குடுத்து அனுப்புறீங்க.

சொல்லித் தொலைக்கலாம்தான். சொன்னா, செத்ததுல சத்து இல்லம்பாரு. இல்ல, ஏதோ ஒருநாள் தின்னுருக்கும்பாரு. அவரே குச்சியப் புடிக்கணும், அவரு கண் முன்னாடி துரை வந்து திங்கணும். உங்க தொட்டியில எறா இருக்கிற வரைக்கும் அவரு குச்சியத் தொட மாட்டாரு. வீட்டுல இருந்த எறாவும் தீந்துருச்சு, அதான் உங்ககிட்ட வந்தேன். புதுத் தேதி திங்கக்கிழம. நாங்க ரெண்டு பேரும் அங்க இருக்கும்போது மாடி வீட்டு அக்கா பாத்துக்குவாங்க. ஒத்திகையே பாத்துட்டோம், அவங்க குச்சியிலயும் தின்னாச்சு. துரைக்கு ஆளெல்லாம் முக்கியமில்ல, எறா ஒழுங்காத் தாவணும், அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? நெசமாவே மீனுக்காகத்தான் போக மாட்டேங்கிறாரான்னா?

இல்ல தம்பி. முந்தாநாள் துணி காயப்போட்டுட்டு உள்ள வரேன். தொட்டிகிட்டக் குனிஞ்சு நிக்கிறாரு. பயமா இருக்குடா துரைன்னு அதுகிட்ட சொல்லிட்டு இருக்காரு. என்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. நான் சத்தம் போடாம பக்கெட்டத் தூக்கிட்டு மறுபடி மொட்ட மாடிக்கே போயிட்டேன். அங்க நின்னு கொஞ்ச நேரம் அழுதேன், வேற என்ன செய்ய.

அதான். துரைக்குப் பசி தீந்துருச்சுன்னு தெரிஞ்சுட்டா, சொல்றதுக்கு அவருக்கு வேற சாக்கு இல்ல. உள்ள இருக்கிறத என்கிட்டத்தானே சொல்லியாகணும். சொல்லட்டும். எனக்கும் பயமாத்தாங்க இருக்குன்னு நானும் சொல்லிடுறேன். ரெண்டு பேருமா பயந்துக்கிட்டே வண்டியேறிப் போய்ச் சேந்துருவோம்.