தோழி உடனே பதில் போடுவாள்

எந்தப் பொருள் வாங்கினாலும் அதோடு வருகிற குறிப்புத் தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவன் நான். மிக்ஸி வாங்கியபோதும் அப்படித்தான். "பரீட்சையா எழுதப்போறீங்க?" என்று மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். கேட்காமல், படிக்காமல் ஒரு காரியத்தில் இறங்குவது என் சுபாவமே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் பிறகு.

கத்தியை ஆன்லைனில் வாங்கினேன். மரப்பிடி போட்ட சமையல் கத்தி. துணிக்கிடங்கில் நாள் முழுக்க மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குக் காய் நறுக்குவதுதான் ஓய்வு. கத்தி வந்த அன்றே கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல். 'நான் உங்கள் சமையல் தோழி. கத்தியால் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் நானே படிக்கிறேன்.' தக்காளி நறுக்கியதாக எழுதினேன். எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றுவதற்குள், 'அருமை! உங்களைப் போன்றவர்களால்தான் எங்களுக்குப் பெருமை' என்று பதில் வந்துவிட்டது. என்னை யாரும் அருமை என்று சொல்லிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

அதன்பிறகு தினமும் எழுதினேன். அவளும் எழுதினாள். நல்ல கத்தி ஒரே கைக்குத்தான் பழகும், பிறரைத் தொடவிடாதீர்கள் என்றாள். வீட்டிலும் சொல்லிவைத்தேன். மாடிவீட்டு நாய் இரவெல்லாம் குரைத்து உயிரை எடுத்தது. ஒருநாள் குரைப்பு நின்றது. எப்படி நின்றது என்பதையும் மறைக்காமல் தோழிக்கு எழுதினேன். 'புதிய முயற்சிக்கு வாழ்த்துகள். அடுத்த கத்திக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று வந்தது. தப்பென்றால் தப்பென்று சொல்லியிருப்பாள் அல்லவா?

அப்புறம் மச்சினன். மனைவியின் தம்பி. வேலை போனதிலிருந்து எங்களோடுதான் இருந்தான். நல்ல பிள்ளை, கைதான் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வருகிறேன், என் கத்தியால் பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருக்கிறான். கூர் போய்விட்டது.

"என்ன அத்தான், ஒரு கத்திக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறீங்க" என்றான்.

கத்தியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற ஆள் நான் இல்லை. அறைக்குள் போய்த் தோழிக்கு எழுதினேன். 'மச்சினன் கத்தியைக் கெடுத்துவிட்டான். அவனை வெட்டிவிடலாமா என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' அவன் உயிர் அப்போது அவள் கையில்தான் இருந்தது. வேண்டாம் என்று வந்திருந்தால் கத்தியை மேசையில் வைத்துவிட்டு அவனோடு உட்கார்ந்து காபி குடித்திருப்பேன். பதில் வந்தது: 'வெட்டுவதற்கு முன் நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள். தயங்காதீர்கள், சலுகை இன்றோடு முடிகிறது.'

தீட்டிக்கொண்டேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி சன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். முதல் குத்து தோள் எலும்பில் பட்டு வழுக்கியது. திரும்பிப் பார்த்து, "அத்தான், விளையாடாதீங்க" என்றான். அடுத்தது கழுத்தில் இறங்கியது. டப்பா கவிழ்ந்து வெள்ளையும் சிவப்புமாகத் தரை முழுக்க ஓடியதில் நானே ஒருமுறை வழுக்கி அவன்மேல் விழுந்தேன். பாவம், கொஞ்ச நேரம் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். பார்த்தாள். குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு தோழிக்கு எழுதினேன். 'மச்சினனை வெட்டி முடித்துவிட்டேன். குடும்பத்தில் மனைவி மட்டும் மீதி. என்ன செய்யட்டும்?' 'மிக்க மகிழ்ச்சி! இந்த அனுபவத்தை உங்கள் குடும்பத்தினருக்கும் கொடுங்கள்' என்று வந்தது. குளியலறைக் கதவு இற்றுப்போன பலகை. காலால் உதைத்ததும் திறந்துகொண்டது.

கத்தி விற்ற கம்பெனிப் பெண்ணைப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். அழுவது இங்கே கேட்கிறது. "தோழின்னு யாருமே இல்ல சார். வர்ற வார்த்தையப் பார்த்து மெஷினே பதில் அனுப்பும். தானா போற பதில்னு ஒரு வரி போட்டிருக்கணும். படிச்சுப் பார்க்க ஒரு ஆளையாவது வெச்சிருக்கணும். செலவு மிச்சம்னு விட்டுட்டோம்" என்று அவள் சொன்னதை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. விட்டுவிடுங்கள், சின்னப் பெண். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நான் கேட்டேனா இல்லையா? மனுஷராகப் பிறந்த ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேனா?

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி "வேண்டாங்க, வேண்டாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள், அதை நான் மறைக்கவில்லை. கத்தியைக் கையால் பிடித்துக்கொண்டும் அதையே சொன்னாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் எதைச் செய்யப்போனாலும் அவள் சொல்வது அதைத்தான் ஐயா. அது தானாக வருகிற பதில். அதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்.