புழு பிறந்த கிழமை

— போலீஸோட வந்த அந்தப் பூச்சி ஆராய்ச்சி மேடம் செத்துக் கிடந்த உன் மாமியார் கட்டிலைச் சுத்திச் சுத்தி வந்தா பாரு, நகை தேடற மாதிரி. கடைசியில டப்பாவுல அள்ளினது என்ன? புழு!

— நான் அந்தப் பக்கமே போகலையே அக்கா. ஊர்ல இருந்து வந்து கதவைத் திறந்ததுமே தலை சுத்திடுச்சு.

— நமக்கெதுக்கு வம்புன்னு நானும் சும்மா எட்டித்தான் பார்த்தேன். பாதியை வெந்நீர்ல போட்டா. மீதியை ஈரல் துண்டு வச்சு உயிரோட வளர்க்கப் போறாளாம். பெத்த பிள்ளைக்குக்கூட இங்க அந்தக் கவனிப்பு கிடையாது!

— எதுக்காம்?

— வளர்ந்தாத்தான் எந்த ஈன்னு உறுதியாத் தெரியுமாம். பச்சையா மினுமினுன்னு ஒண்ணு வருமே, அதுதான்னு நினைக்கிறா. மோப்பத்துல நம்மையே தூக்கிச் சாப்பிட்டுடும் தாயே! முட்டை போட்டா மறுநாளே புழு. அது வளர்ந்த அளவையும் ரூம் சூட்டையும் வச்சு, முட்டை போட்ட நாளையே சொல்லிடறா.

— சொல்லட்டுமே. வெள்ளிக்கிழமை நாங்க கிளம்பும்போது அத்தை நல்லாத்தானே பேசினாங்க.

— அங்கதான் இடிக்குது. உயிர் போனது நேத்து, ஞாயித்துக்கிழமை ராத்திரின்னு டாக்டர் சொல்றாரு. புழு சனிக்கிழமையே வந்துடுச்சாம்.

— அது எப்படி? செத்த பிறகுதானே ஈ வரும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு பார்வை பார்த்தா பாரு! "ஈ சாவுக்காகக் காத்திருக்காதும்மா, அழுகின புண்ணு இருந்தா போதும்"னா. அத்தனையும் முதுகுப் புண்ணுலதான் இருந்துச்சாம்.

— உயிரோட இருக்கும்போதேவா...

— பின்னே? தினம் புண்ணுக் கட்டு மாத்தியிருந்தா முட்டையிலேயே போயிருக்குமாம்.

— சனிக்கிழமைன்னு நல்லாத் தெரியுமா அக்கா?

— என் காதால கேட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் புண்ணு சுத்தமாத்தான் இருந்திருக்கணுமாம்.

— கட்டை மாத்திட்டுத்தான் கிளம்பினேன்.

— யாரு இல்லைன்னா? ஆனா போலீஸ்காரன் கேட்டா என்ன பண்றது? படுத்த படுக்கையா கிடக்கிறவளைப் போட்டுட்டு, புருஷனும் பொண்டாட்டியும் பெட்டியும் சென்ட்டுமா கல்யாணத்துக்குப் போனாங்கன்னேன். பொய் சொல்லி நமக்கு என்ன ஆகப்போகுது?

— வேற என்ன சொன்னீங்க?

— வேற என்ன இருக்கு சொல்ல?

— "நான் இருக்கேன், நீ நிம்மதியா போயிட்டு வா"ன்னு சாவியை வாங்கிக்கிட்டு, நான் போன் பண்ணினப்பல்லாம் "இப்பதான் கட்டு மாத்திட்டு வந்தேன்"னு சொன்னது யாருன்னு சொன்னீங்களா அக்கா?